கவுன்சில் பென்சன் நிதியிலிருந்து ஆயுதப் பங்குகளை வெளியே எடுப்பது எப்படி? இங்கிலாந்தில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஈஸ்ட்ஹாமில் நூலக ஊழியர், ஹாரோவில் பள்ளி வகுப்பு உதவியாளர், வெம்பிளியில் கவுன்சில் கணக்காளர். இந்த மூவரின் சம்பளச் சீட்டிலும் மாதாமாதம் ‘எல்.ஜி.பி.எஸ்.’ என்று ஒரு பிடித்தம் இருக்கும். உள்ளாட்சி ஊழியர்களுக்கான ஓய்வூதியத் திட்டம் அது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து இப்படி 86 நிதிகள். 2024 மார்ச்சில் அவற்றின் மொத்தச் சொத்து ஏறத்தாழ 39,000 கோடி பவுண்டு. அதில் பெரிய பங்கு உலகப் பங்குச் சந்தைகளில் போடப்பட்டிருக்கிறது. சந்தையை மொத்தமாக வாங்கும் நிதி (இண்டெக்ஸ் நிதி) எதுவானாலும் பி.ஏ.இ. சிஸ்டம்ஸ், லாக்கீட் மார்ட்டின், ஜெனரல் டைனமிக்ஸ் போன்ற ஆயுத நிறுவனங்கள் எல்லாம் அதற்குள் தானாக வந்துவிடும். யாரும் உட்கார்ந்து யோசித்து அவற்றைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள்.

நம் உழைப்பின் பணம் குண்டு செய்கிறவர்களிடம் போகக் கூடாது என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். முடிவெடுப்பது கவுன்சிலர்கள் பத்துப் பேர் சுமார் உட்காரும் ஒரு கமிட்டி. அவர்கள் முன்னால் எடுபடுவது நிதியின் சொந்தக் கணக்கும் சட்டத்தின் வாசகமும். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டுதான் அந்த அறைக்குள் போக வேண்டும்.

முதலில்: உங்கள் பென்சனில் முதலீடு என்று ஒன்று இருக்கிறதா?

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவ சேவையின் ஊழியர்கள், அரசுப் பள்ளி ஆசிரியர்கள், மத்திய அரசு ஊழியர்கள், போலீஸ், தீயணைப்புத் துறையினர் ஆகியோரின் பென்சனுக்குப் பின்னால் முதலீட்டு நிதியே கிடையாது. இன்று பிடிக்கும் பணமும் அரசுக் கருவூலமும் சேர்ந்து இன்று ஓய்வு பெற்றவர்களுக்குக் கொடுக்கின்றன. விற்பதற்கு அங்கே ஒரு பங்கும் இல்லை. நர்ஸாக இருக்கும் நண்பரிடம் கையெழுத்து வாங்கி என்.எச்.எஸ். பென்சனுக்கு மனு போட்டால் ஒரு மாதம் வீண்.

எல்.ஜி.பி.எஸ். அப்படியல்ல, அதற்குச் சொத்து உண்டு. கவுன்சில் ஊழியர்கள் மட்டுமின்றி, பள்ளிகளிலும் அகாடமிகளிலும் ஆசிரியரல்லாத ஊழியர்கள், முன்பு பாலிடெக்னிக்காக இருந்த பல்கலைக்கழகங்களின் அலுவலக ஊழியர்கள் எனப் பலர் இதில் இருக்கிறார்கள். உங்கள் வருடாந்திர பென்சன் அறிக்கையின் மேல் மூலையில் நிதியின் பெயர் இருக்கும். வீடு எந்தக் கவுன்சிலில் என்பது முக்கியமில்லை, வேலை எங்கே என்பதே கணக்கு. டூட்டிங்கில் குடியிருந்து நியூஹாம் பள்ளியில் வேலை செய்தால் உங்கள் நிதி நியூஹாமுடையது. ஸ்காட்லாந்தில் 11 நிதிகள், தனி விதிகள். கீழே சொல்லும் சட்ட எண்கள் அங்கே பொருந்தா.

இன்னொரு எச்சரிக்கை. மனசாட்சி உறுத்துகிறதென்று திட்டத்தை விட்டு வெளியேறாதீர்கள். உங்கள் சம்பளத்தில் பிடிப்பது தொகையைப் பொறுத்து 5.5 முதல் 12.5 சதவீதம் வரை; அதற்கு மேல் பெரும் பங்கைப் போடுவது முதலாளி. வருடச் சம்பளத்தில் 49-இல் ஒரு பங்கு ஆயுள் பென்சனாகச் சேர்கிறது. 24,500 பவுண்டு வாங்குபவருக்கு ஒரு வருட வேலைக்கு, வருடம் 500 பவுண்டு. நீங்கள் விலகினால் இதை இழப்பது நீங்கள்தான், நிதியில் ஒரு பங்கும் அசையாது. உறுப்பினராக இருப்பதுதான் பேசும் உரிமையைத் தருகிறது.

இதில் ஒரு நல்ல விஷயமும் உண்டு. உங்கள் பென்சன் தொகை சட்டத்தில் எழுதப்பட்டது. சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அது மாறாது. “ஆயுதப் பங்கை விற்றால் என் பென்சன் குறையுமா?” என்று கேட்கும் சக ஊழியருக்கு “குறையாது” என்று தயங்காமல் சொல்லலாம். நஷ்டம் வந்தால் தாங்குவது கவுன்சிலும் மற்ற முதலாளிகளும். அதனால்தான் கமிட்டி வரி செலுத்துபவர்களையும் நினைத்துப் பார்த்தே பேசும்.

எது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

ஒவ்வொரு நிதியும் மார்ச் 31-இல் முடியும் ஆண்டுக்கான அறிக்கையை அந்த வருடம் டிசம்பர் 1-க்குள் வெளியிட்டாக வேண்டும். அதோடு ‘முதலீட்டு உத்தி அறிக்கை’ என்று ஒன்று, 2016-ஆம் ஆண்டு விதிகளின் 7-ஆம் விதிப்படி, மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது திருத்தப்பட வேண்டும். சமூக, சுற்றுச்சூழல், நிர்வாக அம்சங்களை நிதி எப்படிக் கணக்கில் எடுக்கிறது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். இரண்டையும் இணையத்திலிருந்து இறக்கிப் படித்துவிடுங்கள். கடைசியில் நீங்கள் மாற்றப்போவது இந்த இரண்டாவது ஆவணத்தின் ஒரு பத்தியைத்தான்.

ஆண்டறிக்கையில் முதல் பத்துப் பங்குகள்தான் பெரும்பாலும் இருக்கும். முழுப் பட்டியல் வேண்டுமானால் தகவல் சுதந்திரச் சட்டம் 2000-இன் கீழ் கேளுங்கள். நம் ஊர் ஆர்.டி.ஐ. போலத்தான், ஆனால் கட்டணம் இல்லை, மின்னஞ்சலே போதும், 20 வேலை நாளுக்குள் பதில். வாசகம் இப்படி இருக்கட்டும்:

“கடந்த மார்ச் 31 நிலவரப்படி நிதி நேரடியாகவும், கூட்டு நிதிகள் வழியாகவும் வைத்திருக்கும் பட்டியலிடப்பட்ட பங்குகள், நிறுவனக் கடன் பத்திரங்கள் அனைத்தையும் எக்செல் கோப்பாகத் தரவும். ஒவ்வொன்றுக்கும் நிறுவனத்தின் பெயர், ஐ.எஸ்.ஐ.என். எண், எந்த நிதி மேலாளர் வழியாக, பவுண்டில் சந்தை மதிப்பு.”

ஐ.எஸ்.ஐ.என். என்பது ஒவ்வொரு பங்குக்கும் உள்ள தனி அடையாள எண். கூட்டு நிதி என்றால் பல முதலீட்டாளர்களின் பணத்தைச் சேர்த்து ஒரு மேலாளர் நடத்துவது. “கூட்டு நிதிகள் வழியாகவும்” என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். அவை இல்லாவிட்டால் ‘உலகப் பங்கு இண்டெக்ஸ் நிதி, 36 கோடி பவுண்டு’ என்று ஒரே வரியில் பதில் வரும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. “அந்த விவரம் மேலாளரிடம்தான் இருக்கிறது, எங்களிடம் இல்லை” என்று சில நிதிகள் சொல்லும். நிதியின் சார்பில் இன்னொருவர் வைத்திருக்கும் தகவலும் நிதி வைத்திருப்பதாகவே கணக்கு என்கிறது சட்டத்தின் 3(2)-ஆம் பிரிவு; அதைக் குறிப்பிட்டு உள் மறுஆய்வு கேளுங்கள். ஐந்து வருடப் பட்டியலை ஒரே கடிதத்தில் கேட்காதீர்கள். 18 மணி நேரத்துக்கு மேல் வேலை பிடிக்கும் என்றால் கவுன்சில் மறுக்கலாம். தனியார் பங்கு முதலீடுகளைக் கேட்டால் வணிக ரகசியம் என்று 43-ஆம் பிரிவைக் காட்டுவார்கள். அந்தச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பட்டியல் கைக்கு வந்ததும், ஸ்டாக்ஹோமில் உள்ள சிப்ரி ஆய்வு நிறுவனம் வருடாவருடம் வெளியிடும் 100 பெரிய ஆயுத நிறுவனங்களின் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அதில் ஒவ்வொரு நிறுவனத்தின் மொத்த வருமானத்தில் ஆயுத வருமானம் எத்தனை சதவீதம் என்றும் இருக்கும். லாக்கீடுக்குச் சுமார் பத்தில் ஒன்பது பங்கு. போயிங்குக்குப் பாதிக்கும் குறைவு.

பெயரை வைத்துத் தேடினால் ஏமாறுவீர்கள். ரேதியான் 2023-இல் ஆர்.டி.எக்ஸ். ஆனது. இத்தாலியின் ஃபின்மெக்கானிகா இப்போது லியோனார்டோ. ஐ.எஸ்.ஐ.என். எண்ணை வைத்துத் தேடுவதே பாதுகாப்பு. பி.ஏ.இ. சிஸ்டம்ஸ் பங்கின் எண் ஜி, பி என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கி 0002634946 என்று போகும். எக்செல்லில் அந்த எண்ணை ஒட்டித் தேடுங்கள். எந்தெந்த மேலாளரிடம் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். மூன்று வெவ்வேறு கூட்டு நிதிகளில் அதே பங்கு இருந்தால் மூன்றையும் கூட்ட வேண்டும். பலர் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறார்கள்; பிறகு அதிகாரி வேறொரு தொகையைச் சொல்லும்போது வாயடைத்துப் போகிறார்கள்.

கணக்கு எப்படி வரும் என்று காட்ட, கற்பனையாக ஒரு நிதி. மொத்தம் 120 கோடி பவுண்டு. அதில் 30 சதவீதம், 36 கோடி, இண்டெக்ஸ் நிதியில். அதற்குள் ஆயுத நிறுவனங்கள் 2 சதவீதம் என்றால் 72 லட்சம் பவுண்டு. மொத்த நிதியில் 0.6 சதவீதம். இந்த 0.6 என்ற எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் இதுதான் கைகொடுக்கும்.

கோட்டை எங்கே போடுவது

“ஆயுதம்” என்றால் எது என்று எழுதாமல் போனால் கமிட்டி முதல் ஐந்து நிமிடத்திலேயே உங்களை மடக்கிவிடும். நடைமுறையில் மூன்று படிகள் உண்டு.

கீழ்ப்படி, உலக ஒப்பந்தங்கள் தடைசெய்தவை: கண்ணிவெடி (1997 ஒப்பந்தம்), கொத்துக்குண்டு (2008), வேதி ஆயுதம், உயிரி ஆயுதம். நடுப்படியில் அணு ஆயுதம். மேல்படியில், வருமானத்தில் 5 அல்லது 10 சதவீதத்துக்கு மேல் ஆயுதத்திலிருந்து பெறும் நிறுவனங்கள் எல்லாம்.

“சர்ச்சைக்குரிய ஆயுதங்களை ஏற்கெனவே விலக்கியிருக்கிறோம்” என்று நிதி பெருமையோடு சொன்னால் அது அனேகமாகக் கீழ்ப்படி மட்டுமே. சந்தையில் ‘பொறுப்பான’ என்ற பெயரோடு விற்கும் பல நிதிகளும் அங்கேயே நின்றுவிடுகின்றன, பி.ஏ.இ. உள்ளே அப்படியே இருக்கும். அந்தப் பதிலில் திருப்தி அடைந்துவிடாதீர்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பங்குச் சந்தை வகைப்பாட்டில் ‘விண்வெளி, பாதுகாப்பு’ என்ற பிரிவை அப்படியே வெட்டச் சொல்வது. எளிது, ஆனால் பயணிகள் விமானத்திலிருந்தே பெரும்பங்கு வருமானம் பெறும் ஏர்பஸ்ஸும் அதோடு போய்விடும். வெளியே நிற்பவை தப்பிவிடும்: மெட்ரோ பாதை கட்டும் லார்சன் அண்ட் டூப்ரோ கட்டுமானப் பிரிவில் இருக்கிறது, ஆனால் இந்திய ராணுவத்துக்கு கே9 வஜ்ரா பீரங்கி செய்வதும் அதுதான். பிரிவை விட்டுவிட்டு வருமான சதவீதத்தைப் பிடியுங்கள்.

முன்னுதாரணங்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. நார்வேயின் அரசு நிதி கண்ணிவெடிக்காக 2002-இல் ஒரு சிங்கப்பூர் நிறுவனத்தை விலக்கியது. கொத்துக்குண்டுக்காக 2005-இல் லாக்கீட் மார்ட்டினையும், அணு ஆயுதத்துக்காக 2006 தொடக்கத்தில் பி.ஏ.இ., போயிங் இரண்டையும் விலக்கியது. நெதர்லாந்தின் அரசு ஊழியர் நிதியான ஏ.பி.பி. 2018-இல் அணு ஆயுதத்தைக் கைவிட முடிவெடுத்தது. கலிஃபோர்னியா ஆசிரியர்களின் நிதி, சாண்டி ஹூக் பள்ளிக் கொலைகளுக்குப் பிறகு, அந்த மாநிலத்தில் தடைசெய்யப்பட்ட துப்பாக்கிகளைச் செய்வோரை 2013-இல் விலக்கியது. லண்டனில் வால்தம் ஃபாரஸ்ட் நிதி 2024-இல் ஆயுத நிறுவனங்களிலிருந்து விலகுவதாக அறிவித்தது. லண்டன் கமிட்டி எதுவானாலும் இந்தக் கடைசி உதாரணம் எடுபடும். பக்கத்து வீட்டுக்காரர் செய்ததை நாமும் செய்யலாம் அல்லவா.

சட்டம்: இரண்டு கேள்விகள், அவ்வளவுதான்

“சட்டம் இடம் கொடுக்காது” என்பதே முதலில் வரும் மறுப்பு. அது சரியல்ல. பிற நாடுகளையும் பிரிட்டனின் பாதுகாப்புத் துறையையும் குறிவைத்து முதலீட்டை விலக்கக் கூடாது என்று அரசு 2016-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2020 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றம், மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், அந்தப் பகுதி அமைச்சரின் அதிகாரத்தை மீறியது என்று தீர்ப்பளித்தது. பிறகு நாடாளுமன்றம் 2022 சட்டத்தின் வழியாக, வெளியுறவு, பாதுகாப்புக் கொள்கைக்கு முரணான முதலீட்டு முடிவுகள் குறித்து உத்தரவிடும் அதிகாரத்தை அமைச்சருக்குக் கொடுத்தது. ஆகவே உங்கள் நிதி அதிகாரியிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்: “அந்த அதிகாரத்தின் கீழ் எங்களைக் கட்டுப்படுத்தும் உத்தரவு ஏதும் இப்போது நடப்பில் இருக்கிறதா?” பொதுத்துறைப் புறக்கணிப்பைத் தடுக்க 2023-இல் வந்த மசோதா 2024 மே மாதம் நாடாளுமன்றம் கலைந்தபோது காலாவதியானது, அதைச் சட்டம் என்று யாராவது காட்டினால் மறுத்துச் சொல்லுங்கள்.

லாபம் சாராத காரணத்துக்காக ஒரு முதலீட்டை விலக்குவதற்குச் சட்ட ஆணையம் 2014-இல் வகுத்த சோதனையைத்தான் எல்லோரும் பின்பற்றுகிறார்கள். உறுப்பினர்கள் அந்தக் கவலையைப் பகிர்ந்துகொள்வார்கள் என்று நம்ப நல்ல காரணம் இருக்கிறதா? நிதிக்குக் கணிசமான நஷ்டம் வரும் அபாயம் இல்லை என்று சொல்ல முடியுமா? இரண்டுக்கும் ‘ஆம்’ வேண்டும்.

முதல் கேள்விக்குச் சான்று சேர்ப்பதுதான் உங்கள் உண்மையான வேலை. நிதியே உறுப்பினர் கருத்துக்கணிப்பு நடத்த வேண்டும் என்று கேளுங்கள். அதைவிட வலுவான சான்று இல்லை. யூனிசன், ஜி.எம்.பி., யுனைட் தொழிற்சங்கங்களின் கிளைகளில் தீர்மானம் போடுங்கள். மனுவில் கையெழுத்து வாங்கும்போது ‘நான் இந்த நிதியின் உறுப்பினர்’ என்று ஒரு கட்டம் வையுங்கள். ஊர் மக்கள் 3,000 பேரின் கையெழுத்தைவிட உறுப்பினர்கள் 300 பேரின் கையெழுத்து இந்தச் சோதனையில் எடை கூடியது. எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை, ஆனால் உறுப்பினர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றால் கமிட்டி ஒதுங்கிக்கொள்ளும். பி.ஏ.இ. தொழிற்சாலைகள் உள்ள லங்காஷையரிலோ, நீர்மூழ்கிக் கப்பல் கட்டும் பாரோ ஊர் இருக்கும் கம்ப்ரியாவிலோ மேல்படியைக் கேட்டால் அதுதான் நடக்கும். அங்கே கீழ்ப்படியிலிருந்து தொடங்குங்கள்: கொத்துக்குண்டு போல ஒப்பந்தம் தடைசெய்தவற்றுக்கு, கருத்துக்கணிப்பு இல்லாமலே உறுப்பினர் எதிர்ப்பை அனுமானிக்கலாம் என்று சட்ட ஆணையமே சொல்லியிருக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு அந்த 0.6 சதவீதம். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து ஆயுதப் பங்குகள் வேகமாக ஏறியிருக்கின்றன. இதை மறைக்காதீர்கள், அதிகாரி எப்படியும் சொல்லுவார். விற்ற 72 லட்சம், சந்தையைவிட ஒரு வருடத்தில் 20 சதவீதம் கூடுதலாக ஏறியிருக்கும் என்று மோசமாகவே வைத்துக்கொள்வோம். தவறவிட்ட லாபம் 14.4 லட்சம் பவுண்டு, மொத்த நிதியில் 0.12 சதவீதம். இது ‘கணிசமான நஷ்டமா’ என்று நிதியின் முதலீட்டு ஆலோசகரையே எழுத்தில் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதைவிட அவர் சொல்வதற்குத்தான் மதிப்பு.

ஒரு நாட்டைத் தண்டிக்கும் மொழியை மனுவில் தவிர்த்துவிடுங்கள். மனம் கொதிக்கும், நியாயம்தான். ஆனால் ‘எந்த நாட்டுக்கு விற்றாலும் இந்த வகை நிறுவனம் வேண்டாம்’ என்று எழுதினால் வழக்கறிஞர்கள் பிடிக்க இடமில்லை.

கமிட்டிக்குப் போவது

முழுக் கவுன்சில் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறினால் செய்தியில் வரும், ஆனால் பென்சன் கமிட்டியை அது கட்டுப்படுத்தாது. ‘உள்ளூர் பென்சன் வாரியம்’ என்ற இன்னொரு அமைப்பும் உண்டு. அது மேற்பார்வைக்கு, முதலீட்டை முடிவுசெய்வது அதன் வேலையல்ல. இந்த இரண்டிலும் மாதக்கணக்கில் சுற்றிச் சோர்ந்துபோக வேண்டாம்.

கமிட்டி வருடத்துக்கு நான்கு தடவை சுமார் கூடும். நிகழ்ச்சி நிரல் ஐந்து முழு நாட்களுக்கு முன் வெளியாக வேண்டும். ஆனால் அதைப் பார்த்த பிறகு கிளம்பினால் தாமதம். பொதுமக்கள் கேள்வி கேட்கவும் பேசவும் எத்தனை நாள் முன் எழுத வேண்டும் என்பது கவுன்சிலுக்குக் கவுன்சில் வேறு. கூட்டங்களை ஏற்பாடு செய்யும் கவுன்சிலின் ஜனநாயக சேவை அலுவலரிடம் மூன்று மாதம் முன்பே கேட்டு வையுங்கள். அதற்கும் முன்னால் மூன்று பேரைத் தனியாகப் பாருங்கள்: கமிட்டித் தலைவர், கமிட்டியில் உட்காரும் தொழிற்சங்கப் பிரதிநிதி, பென்சன் நிதியை நிர்வகிக்கும் கவுன்சில் அதிகாரி. அந்த அதிகாரியை எதிரியாக நினைக்காதீர்கள். அறிக்கை எழுதப்போவது அவர்தான். உங்கள் கணக்கில் பிழை இருந்தால் கூட்டத்தில் அவமானப்படுவதற்கு முன் அவரிடமே தெரிந்துகொள்ளலாம்.

‘உடனே விற்று விடுங்கள்’ என்று கேட்டால் ‘முடியாது’ என்ற பதில் சுலபம். இப்படிக் கேளுங்கள்:

“(அ) ஆயுத வருமானம் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள நிறுவனங்களில் நிதி வைத்திருக்கும் தொகை, விலக்கும் செலவு, மாற்று நிதிகள் ஆகியவை குறித்து அடுத்த கூட்டத்துக்குள் அதிகாரிகள் அறிக்கை தர வேண்டும். (ஆ) உறுப்பினர் கருத்துக்கணிப்பு நடத்த வேண்டும். (இ) அவற்றின் அடிப்படையில் முதலீட்டு உத்தி அறிக்கையைத் திருத்தும் வரைவை, தேதியோடு, கமிட்டி முன் வைக்க வேண்டும்.”

இதில் (இ)-க்குத்தான் உயிர் இருக்கிறது. நடந்துவரும் சீர்திருத்தத்தின்படி, பங்குகளை வாங்கி விற்கும் வேலை லண்டன் சி.ஐ.வி., பார்டர் டு கோஸ்ட் போன்ற கூட்டு முதலீட்டு அமைப்புகளுக்குப் போகிறது. எட்டாக இருந்த அந்த அமைப்புகள் ஆறாகக் குறைகின்றன. கமிட்டியின் கையில் மிஞ்சுவது உத்தியும் பொறுப்பு முதலீட்டுக் கொள்கையும். அதில் எழுதாதது எதையும் கூட்டமைப்பு செய்யாது. ஒரே கூட்டமைப்பில் உள்ள மற்ற நிதிகளின் உறுப்பினர்களையும் தேடிப் பிடியுங்கள்: ஒரு நிதி கேட்டால் “அந்த வகை நிதி எங்களிடம் இல்லை” என்பார்கள், நான்கு நிதிகள் சேர்ந்து கேட்டால் உருவாக்குவார்கள்.

காலம் பார்த்துச் செய்வதும் முக்கியம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை நிதியின் சொத்தும் கடனும் மதிப்பிடப்படுகின்றன. 2025 மார்ச் 31-க்கு ஒன்று, அடுத்தது 2028. மதிப்பீட்டை ஒட்டித்தான் உத்தியைத் திறந்து திருத்துவார்கள். மே மாத உள்ளாட்சித் தேர்தலுக்கு முந்தைய கூட்டத்தில் பெரிய முடிவை எதிர்பார்க்காதீர்கள்.

“பங்குதாரராக உள்ளே இருந்து பேசி மாற்றலாமே” என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். சுற்றுச்சூழலில் அது சில இடங்களில் பலன் தந்திருக்கிறது. ஆனால் வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்கு ஆயுதத்திலிருந்து வரும் நிறுவனத்திடம் ஆயுதம் செய்யாதே என்று எந்தப் பங்குதாரரும் பேசி வெல்ல முடியாது. கொத்துக்குண்டு வேறு கதை: டெக்ஸ்ட்ரான் 2016-இல் அதைச் செய்வதை நிறுத்தியது, அது அந்த நிறுவனத்தின் வியாபாரத்தில் சிறு பகுதிதான். இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள். “நாம் விற்றால் வேறொருவர் வாங்குவார்” என்பதும் வரும். உண்மைதான், ஒத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொழிலுக்கு உரிமையாளராக இந்த நிதி இருக்கக் கூடாது என்பதுதான் கேட்பது.

முடிவு வந்த பிறகு

கைதட்டிவிட்டுக் கலைந்துபோவதால் தோற்ற முயற்சிகள் நிறைய. தனிக் கணக்கில் இருக்கும் பங்குகளை விற்பது எளிது. விலக்கல் பட்டியலை மேலாளருக்கு அனுப்பினால் சில வாரங்களில் முடியும். கூட்டு நிதியில் இருப்பவற்றை அப்படிப் பிடுங்க முடியாது, மொத்தமாக வேறு நிதிக்கு மாற வேண்டும். அந்த நிதி தயாராகவே ஒரு வருடம் ஆகலாம். ‘இயன்றவரை விரைவில்’ என்ற சொற்கள் தீர்மானத்தில் இருந்தால் அவற்றின் இடத்தில் ஒரு தேதி போடச் சொல்லுங்கள். நிறுவனக் கடன் பத்திரங்களும் அதில் அடங்குமா என்று கேளுங்கள். பங்கை விற்றுவிட்டு அதே நிறுவனத்துக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருப்பது நடக்கிறது.

அடுத்த டிசம்பர் 1-ஐ நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அன்று புதிய ஆண்டறிக்கையை இறக்கி, அதே தகவல் கோரிக்கையை அதே வாசகத்தோடு மறுபடி அனுப்புங்கள். பட்டியல் வந்ததும் 0002634946 என்று தேடிப் பாருங்கள். ஒரு வரியாவது வந்தால், எந்த மேலாளரின் பெயர் அதன் பக்கத்தில் இருக்கிறதோ அதைக் குறித்துக்கொண்டு, கமிட்டித் தலைவருக்கு அன்றே எழுதுங்கள்.